பழைய அம்புத்தலைகளின் பாரம்: கோளாறைச் சொல்லுங்கள், காரணத்தைப் பிடிப்போம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் கொக்குவிலில் முற்றத்து வேம்பின் கீழ் பிளேன்ரீயோடு இருப்பேன். ஒன்ராறியோவில் அப்போது சனி இரவு ஒன்பதரை. மருமகன் வட்ஸ்அப்பில் வருவான். கராச் மேசையில் ஒரு பிஸ்கற் ரின், அது நிறையப் பழைய அம்புத்தலைகள். பக்கத்து வீட்டுக் கிழவர் வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது இவனிடம் கொடுத்துவிட்டுப் போனவை.

"மாமா, பெட்டியில 125 எண்டு கிடக்கு. தராசு 113 காட்டுது. அடுத்தது 121. இன்னொண்டு 134. இதை எப்பிடி ஒண்டாக்கிறது?"

அங்கே இருபது வருடம் மெஷின் ஷொப்பில் கடைச்சல் வேலை பார்த்தவன் நான். இலையுதிர் காலம் வந்தால் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு மரவில்லும் மர அம்புமாக மான் பருவத்துக்குக் காட்டுக்குப் போனவன். இங்கே வேட்டை இல்லை. பழைய சேலைகளை அடைத்த உரப்பைதான் என் மான், நானே கடைந்த பித்தளை முனைதான் என் தலை. ஆனாலும் மருமகனிடமிருந்தும் அவன் கூட்டாளிகளிடமிருந்தும் வரும் கேள்விகள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுத்தான். அவற்றைக் கோளாறு வாரியாக எழுதி வைக்கிறேன். கீழே 'தலை' என்றால் புறோட்ஹெட், அதாவது அகன்ற அலகு கொண்ட வேட்டைத் தலை. 'குழல்' என்றால் அதன் அடியில் தண்டு நுழையும் கூம்புப் பகுதி.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு பாரத்தில் இல்லை, தலை கோணலாக நிற்பதில் இருக்கிறது. மிச்சப் பாதிப் பேர் கனமான தலையை அரத்தால் தேய்த்து மெலிந்ததன் அளவுக்கு இறக்கப் பார்க்கிறார்கள். நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. ரின்னில் எது கனமோ அதைத் தொடாமல் வைத்து, மற்றவற்றை அதன் அளவுக்கு ஏற்ற வேண்டும். தேய்த்த எஃகு திரும்ப வராது. வைத்த ஈயத்தை எப்போதும் எடுக்கலாம்.

"ஒவ்வொரு முறையும் தராசு ஒவ்வொரு கணக்குச் சொல்லுது"

தலையைச் சந்தேகிக்க முன் தராசைச் சந்தேகியுங்கள். அம்புக்காரர் பாரம் சொல்வது கிரேனில். 7000 கிரேன் ஓர் இறாத்தல், 15.43 கிரேன் ஒரு கிராம். குசினித் தராசு ஒரு கிராமுக்குக் குறையக் காட்டாது. அதாவது 15 கிரேன் கூடினாலும் குறைந்தாலும் அதற்குத் தெரியாது. மருமகன் முதலில் வைத்திருந்தது அப்படி ஒன்றுதான், மா அளக்கிறது.

நகைக்காரர் பாவிக்கும் 0.01 கிராம் தராசு வேண்டும். அதன் ஒரு படி 0.15 கிரேன், இந்த வேலைக்கு அது தாராளம். என் பித்தளை முனைகளைக் கன்னாதிட்டியில் ஒரு பத்தரிடம் கொண்டுபோய் நிறுத்தபோது அவர் ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஒரு பவுனும் சொச்சமும்" என்றார். இருபது வருடம் கிரேனில் கணக்குப் பார்த்தவனுக்கு அது தோன்றவே இல்லை. பவுன் 8 கிராம், கிரேனில் 123.5. 125 கிரேன் என்பது 8.1 கிராம். எங்கள் ஆட்கள் கழுத்திலும் கையிலும் போட்டு நிறுத்துப் பழகிய பாரம்தான் அம்பின் நுனியிலும் இருக்கிறது. கையில் வைத்தே 'இது பவுனுக்குக் குறைவு' என்று சொல்லும் அம்மாமார் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்.

தராசு சரியா என்று பார்க்க அமெரிக்க 5 சதக் குற்றி ஒன்றைப் போடுங்கள். புதுசாக இருந்தால் சரியாக 5 கிராம், 77.2 கிரேன். கனடாவின் 25 சதம், 2000க்குப் பிறகு அடித்தது, 4.4 கிராம். மின்விசிறியை நிற்பாட்டுங்கள். 0.01 கிராம் தராசுக்கு மேலே விசிறி சுற்றினால் தலை இல்லாமலே பாரம் காட்டும்.

"ஒரே பெட்டி, ஒரே பெயர், ஆளுக்கு ஒரு பாரம்"

இது பழைய தலைகளின் இயல்பு. ஃபிரெட் பெயர் (Fred Bear) என்ற அமெரிக்க வில் தயாரிப்பாளர் 1956இல் வெளியிட்ட ரேசர்ஹெட் என்ற தலையும் மினசோட்டாவிலிருந்து வந்த ஸ்விக்கி என்ற தலையும் பல கைகள் மாறித்தான் உங்களிடம் வந்திருக்கும். ஐம்பது, அறுபது வருடத்தில் ஒவ்வொன்றுக்கும் நடந்தது வேறு. ஒன்றை ஆறு தடவை தீட்டியிருப்பார்கள். இன்னொன்று அரமே காணாமல் கிடந்திருக்கும். ஆகவே எண்ணைப் பார்த்துப் பதறாமல் இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் குழலுக்குள் ரோர்ச் லைற் அடித்துப் பாருங்கள். முறிந்த அம்பின் கூம்பு பழைய பசையோடு உள்ளே இறுகிக் கிடக்கும். அதுவே சில கிரேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கொதிநீரில் குழல் பகுதியை மட்டும் நாலைந்து நிமிடம் பிடித்தால் சூட்டுப்பசை இளகும், மரத்துண்டு ஒரு மர ஆணியைத் திருகி இழுக்க வந்துவிடும். இளகாத பசை என்றால் சின்னத் துளையூசியால் மரத்தைத் துளைத்து எடுங்கள். சுவாலையைக் கடைசிக்கு வையுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, குறுக்குத் தகடு. ரேசர்ஹெட்டில் பெரிய அலகின் நடுவில் உள்ள வெட்டுக்குள் செருகுகிற மெல்லிய இரண்டாவது அலகு ஒன்று உண்டு. ரின்னில் சிலதில் அது இருக்கும், சிலதில் விழுந்து தொலைந்திருக்கும். மருமகனின் 134க்கும் 121க்கும் நடுவில் இருந்த பெரிய வித்தியாசம் இதுதான். ஒரு தலையில் தகடு இருந்தது, மற்றதில் வெட்டு மட்டும் இருந்தது. தகடு உள்ளவை ஒரு குவியல், இல்லாதவை ஒரு குவியல் என்று பிரித்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு குவியலும் தனக்குள் ஆறேழு கிரேனுக்குள் நின்றது. அரத்தைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிட்டது.

மூன்றாவது, துரு. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஒட்சிசனையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால் துருவோடு நிறுத்தால் ஒரு கணக்கு, கழுவிய பிறகு குறைந்த கணக்கு. வினாகிரியில் ஓர் இரவு போட்டு, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, வெய்யிலில் காயவைத்து, மெஷின் எண்ணெய் பூசுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டாம், நல்ல எஃகையும் வினாகிரி தின்னும். உப்புக் காற்று அடிக்கும் ஊரில் இருந்து சொல்கிறேன், எண்ணெய் பூசாமல் வைத்தால் அடுத்த கிழமையே திரும்பச் சிவக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காலப்போக்கில் கெட்டுப்போகும்.

நாலாவது, தீட்டுதல். கூர் தீட்டி முடித்த பிறகுதான் கடைசி நிறுவை. முதலே பாரம் சரிக்கட்டிவிட்டுப் பிறகு தீட்டினால், தீட்டத் தீட்டக் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

இவ்வளவும் முடிந்து ஐந்து கிரேனுக்குள் நின்றால் விட்டுவிடுங்கள். கணக்கைப் பாருங்கள். 500 கிரேன் அம்பில் 20 கிரேன் என்பது நூற்றுக்கு நாலு. ஒரே வில்லில் அது அம்பின் வேகத்தைக் கூடிப்போனால் நூற்றுக்கு இரண்டு குறைக்கும். வினாடிக்கு 170 அடி வேகத்தில் 20 யார் போகிற அம்பு வழியில் ஏறத்தாழ 24 அங்குலம் விழுகிறது. வேகம் நூற்றுக்கு இரண்டு குறைந்தால் விழுவது நூற்றுக்கு நாலு கூடும், 24 அங்குலத்தில் அது கிட்டத்தட்ட ஓர் அங்குலம். 20 கிரேனுக்கே ஓர் அங்குலம் என்றால் ஐந்து கிரேனுக்குக் கால் அங்குலம். மரவில்லை வெறுங்கையால் விடுகிற எங்களில் எத்தனை பேர் 20 யாரில் கால் அங்குலத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள்? நான் இல்லை.

"மெலிஞ்ச தலையை எப்பிடிப் பாரமாக்கிறது?"

இதுதான் கூடக் கேட்கிற கேள்வி. வழி தண்டைப் பொறுத்தது.

அலுமினியம் அல்லது காபன் தண்டு என்றால் வேலை சுகம். பசையால் ஒட்டுகிற பழைய தலையை நேராக அந்தத் தண்டில் ஒட்ட முடியாது, நடுவில் மரை போட்ட இணைப்பு ஒன்று வேண்டும். அந்த இணைப்புகள் எஃகில் 75, 100, 125 கிரேன் என்று விற்கின்றன, அலுமினியத்தில் அதைவிட மெல்லியதும் கிடைக்கும். தலையைத் தொடாமல் இணைப்பை மாற்றியே பெரிய பாரத்தைச் சரிசெய்யலாம். மிச்சச் சில கிரேனுக்கு இணைப்பின் மரைக்கும் தண்டுக்கும் நடுவில் மெல்லிய பித்தளை வளையம் ஒன்று.

மர அம்பில் இடம் இரண்டு. ஒன்று, குழலின் உள்நுனி. தண்டின் கூம்பு நுனியை மூன்று மில்லிமீற்றர் வெட்டிவிட்டால் குழலுக்குள் அந்த அளவு வெற்றிடம் வரும். கூம்பின் நுனி 4.5 மில்லிமீற்றர் அகலம் என்றால் அந்த இடத்தை ஈயத்தால் நிரப்ப எட்டு கிரேன் வரை ஏறும். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றைக் கத்தியால் சீவி எடுத்தால் போதும். ஈயம் பிச்சுவாவுக்கே வெட்டுப்படும். தயவுசெய்து குசினி அடுப்பில் ஈயத்தை உருக்க வேண்டாம். அது 327 பாகை செல்சியஸில் உருகும், அதன் புகையும் தூசும் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. சீவிய துண்டுகளைக் குளிராகவே பசையோடு உள்ளே அழுத்திவிட்டுக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மூன்று, மிஞ்சினால் நாலு மில்லிமீற்றருக்கு மேல் வெட்டக்கூடாது. குழலைப் பிடித்து நிற்பது அந்தக் கூம்புதான். அது கட்டையானால் எலும்பிலோ கல்லிலோ பட்ட முதல் அடியில் தலை சாயும்.

இரண்டாவது இடம் தண்டுக்குள். எனக்குப் பிடித்தது இதுதான். கூம்பு நுனியின் நடுவில் இரண்டு மில்லிமீற்றர் துளை போட்டு, அதே அளவு எஃகுக் கம்பியைப் பசையோடு இறக்குவது. யாழ்ப்பாணத்தில் இதற்குச் சாமான் தேடி அலையத் தேவையில்லை, எந்த வீட்டுக் கோடியிலும் முறிந்த சைக்கிள் சில்லு ஒன்று கிடக்கும். அதன் கம்பி பெரும்பாலும் இரண்டு மில்லிமீற்றர், ஆனாலும் அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் எஃகுக் கம்பியில் 25 மில்லிமீற்றர் நீளம் 9.5 கிரேன். துளைத்தெடுத்த மரம் அரைக் கிரேன். ஆக நிகரம் ஒன்பது. 50 மில்லிமீற்றர் இறக்கினால் பதினெட்டு. கம்பியை வெட்டி நீளத்தை மாற்றி மாற்றி ஒரு கிரேனுக்குள் கொண்டுவரலாம். அதைவிடப் பெரிய லாபம், தலைக்குப் பின்னால் தண்டு முறிகிற அந்த இடத்துக்கே உள்ளெலும்பு வைத்த மாதிரி.

துளை நேராகப் போக வேண்டும். கையால் பிடித்துத் துளைத்தால் பக்கத்தால் வெளிவந்துவிடும், நான் நல்ல தேவதாருத் தண்டுகள் மூன்றை அப்படி நாசமாக்கியிருக்கிறேன். ஒரு பலகைத் துண்டில் தண்டு இறுக்கமாக நுழையும் துளை போட்டு, அதன் அடியில் நடுவில் இரண்டு மில்லிமீற்றர் துளை போட்டால் அதுவே வழிகாட்டி. கூம்பு வெட்ட முன்னமே, தண்டின் தலை தட்டையாக இருக்கும்போது துளையுங்கள்.

"பயிற்சி முனையில நடுவில விழுது, புறோட்ஹெட் போட்டால் பக்கத்துக்குப் போகுது"

எந்தப் பக்கம் என்பதைச் சொன்னால்தான் பதில். வலக்கைக்காரருக்கு எழுதுகிறேன், இடக்கைக்காரர் திருப்பிப் போடுங்கள்.

அம்பு வில்லை விட்டுப் போகும்போது நேராகப் போவதில்லை. வில்லின் உடலைச் சுற்றி வளைந்து வளைந்துதான் போகிறது. அந்த வளைவு எவ்வளவு என்பது தண்டின் விறைப்பிலும் நுனிப் பாரத்திலும் தங்கியிருக்கிறது. நுனியில் பாரம் கூடினால் தண்டு மெத்தெனப் போனதுபோல் நடக்கும், அம்பு வலப்பக்கம் விழும். பாரம் குறைந்தால் தண்டு விறைத்ததுபோல் நடக்கும், இடப்பக்கம் விழும்.

ஆகவே எல்லாத் தலையும் ஒரேயடியாக இடப்பக்கம் போகுதா? தலைகள் பயிற்சி முனையைவிட மெலிந்தவை. மேலே சொன்னபடி ஏற்றுங்கள். எல்லாம் வலப்பக்கம் போகுதா? தலைகள் கனம். அப்போது தலையைத் தேய்க்காமல் தண்டைக் கொஞ்சம் கட்டையாக்குங்கள். அரை அங்குலம் குறைத்தாலே விறைப்பில் வித்தியாசம் தெரியும். வெட்ட முன் நாணை முழுக்க இழுத்துப் பிடித்து, அலகு வில்லையோ விரலையோ தொடாமல் குறைந்தது ஓர் அங்குலம் மிச்சம் இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இது விளையாட்டில்லை, அலகு விரலில் ஏறும்.

இன்னொரு வழி, பயிற்சி முனையைக் கனமாக்குவது. தலை 140 கிரேன் என்றால் 140 கிரேன் பயிற்சி முனை போட்டு, அதற்கேற்ற தண்டு எடுங்கள். பொதுவாக 25 கிரேன் நுனிப் பாரம் கூடினால் தண்டின் விறைப்பில் ஓர் ஐந்து இறாத்தல் கூட வேண்டும் என்று கணக்கு வைப்பார்கள். மரத்தண்டின் விறைப்பு அளப்பது சுலபம்: 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கியில் வைத்து, நடுவில் இரண்டு இறாத்தல் பாரம் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று பாருங்கள். 26ஐ அந்த எண்ணால் வகுத்தால் விடை. 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50 இறாத்தல் தண்டு.

ஒரு தலை இடம், அடுத்தது வலம், மூன்றாவது மேலே என்று சிதறினால் அது பாரம் அல்ல. கீழே போங்கள்.

"அம்பு வாலாட்டிக்கொண்டு போகுது"

கோணல். பத்தில் எட்டு முறை இதுதான்.

தலை நுனியை உள்ளங்கையில் வேண்டாம், மேசையில் ஒரு மரப்பலகையில் ஊன்றி, தண்டைப் பம்பரம் மாதிரிச் சுழற்றுங்கள். தலையும் தண்டும் சேருகிற இடத்தையே பாருங்கள். அந்த இடம் நடுங்கினால் தலை கோணல். அலகு வானூர்திச் செட்டை மாதிரி. ஒரு பாகை சாய்ந்தாலும் காற்றைப் பிடித்து அம்பைத் தன் பக்கம் இழுக்கும், பின்னால் இருக்கிற இறகு எதிர்ப்பக்கம் இழுக்கும். அந்த இழுபறிதான் வாலாட்டம்.

சரிப்படுத்தும் முறை: சூட்டுப்பசையை இளக்கிக் கூம்பில் மெல்லப் பூசி, குழலைச் சூடாக்கி, சுழற்றிக்கொண்டே ஏற்றி, ஒரு மரக்கட்டையில் அழுத்துங்கள். பசை இறுக முன் சுழற்றிப் பாருங்கள். நடுங்கினால் கால் சுற்றுத் திருப்பி ஏற்றுங்கள். மூன்று நாலு தடவையில் எங்கோ ஓர் இடத்தில் நடுக்கம் நிற்கும். நிற்கவே இல்லையென்றால் கூம்பு கோணலாக வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது அந்தத் தலையின் அலகு குழலோடு நேர் இல்லை. இரண்டாவது என்றால் அதைப் பயிற்சிக்குக்கூட வைக்காதீர்கள்.

அலகு படுக்கையாகவா நிலைக்குத்தாகவா நிற்க வேண்டும் என்று கேட்பார்கள். எப்படியும் நிற்கட்டும். பன்னிரண்டு அம்பிலும் ஒரே மாதிரி நின்றால் உங்கள் கண் குழம்பாது, அவ்வளவுதான்.

தலை நேராக நின்றும் வாலாட்டம் இருந்தால் இறகைப் பாருங்கள். பயிற்சி முனைக்குப் போதுமான சின்ன இறகு அகன்ற தலையை அடக்காது. ஐந்து அங்குல இறகு, கொஞ்சம் சுருளாக ஒட்டியது, பெரும்பாலான பழைய தலைகளுக்குப் போதும். பிறகு சமநிலை. நாண் பதியும் வெட்டிலிருந்து தண்டின் முன் நுனி வரை 29 அங்குலம், அம்பு விரலில் சமனாக நிற்கிற இடம் வெட்டிலிருந்து 17 அங்குலம் என்றால், நடுவைவிட இரண்டரை அங்குலம் முன்னால். 29இல் அது 8.6 சதவீதம். அந்த 500 கிரேன் அம்பின் நுனியில் 25 கிரேன் ஏற்றினால் சமநிலை 17.6க்கு நகரும், 10.7 சதவீதம் ஆகும். முன்பாரம் கூடக்கூட அம்பு தலையைப் பின்தொடர்ந்து நேராக ஓடும்.

இதை நாங்கள் படித்து அறிந்ததில்லை. சின்ன வயதில் ஈர்க்கில் அம்பு செய்தபோது நுனியில் றோட்டுத் தார் உருட்டி ஒட்டுவோம். தார் இல்லாத ஈர்க்கு மூன்றடியில் குட்டிக்கரணம் அடிக்கும். தார் வைத்தது வேலி தாண்டிப் பக்கத்து வீட்டுக் கோழியிடம் போகும். பிறகு பக்கத்து வீட்டு ஆச்சி எங்களிடம் வருவார்.

ஒன்று மறக்க வேண்டாம். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் எய்துவிட்டுத் தலையைக் குறை சொல்ல முடியாது. அகன்ற அலகு பக்கக் காற்றை வாங்கும், பயிற்சி முனை வாங்காது. விடியப்புறம், பனை ஓலை அசையாத நேரத்தில் எய்து பார்த்து முடிவெடுங்கள். கனடாவிலும் அதே விதிதான், அங்கே ஓலைக்குப் பதில் மேப்பிள் இலை.

"பாரம் ஏத்தின பிறகு தாழ விழுது"

விழும். 500 கிரேன் 540 ஆனால் மெதுவாகத்தான் போகும். வில்லின் இழுவைப் பலத்தில் ஓர் இறாத்தலுக்கு எட்டிலிருந்து பத்து கிரேன் அம்புப் பாரம் என்பது வேட்டைக்காரர் வழக்கமாக வைக்கும் அளவு. 50 இறாத்தல் வில்லுக்கு 400 முதல் 500. அதற்குள் நின்றால் கண்ணைப் பழக்குங்கள், அம்பை அல்ல.

"தலை உள்ளுக்க நிண்டுட்டுது, தண்டு மட்டும் வெளியில வந்தது"

குழலுக்குள் ஈயம் போட்டவர்களுக்கு வருகிற கோளாறு இது. ஈயம் கொஞ்சம் கூடிப்போய், கூம்பு குழலின் பக்கச் சுவரில் பதியாமல் நுனியில் ஈயத்தில் இடித்து நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்க்க இறுகினமாதிரித் தெரியும். பசை போட முன் பாருங்கள்: கூம்பில் பென்சிலால் கறுப்பாக்கி, ஈயத்தோடு சும்மா செருகித் திருப்பி எடுங்கள். குழல் பிடித்த இடத்தில் பென்சில் மினுங்கும். சுற்றிவர மினுக்கம் இல்லையென்றால் ஈயத்தைக் குறையுங்கள்.

எண்ணெய் பூசின தலையை உள்ளே துடைக்காமல் ஒட்டினாலும் இதே கதிதான். மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் குழலைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

"ரோர்ச்சால சூடாக்கினேன், அலகு நீலமாப் போச்சு"

காஸ் சுவாலையைக் கடைசிக்கு வைக்கச் சொன்னதன் காரணம். எஃகு சூடேற அதன் மேற்பரப்பில் நிறம் ஏறும். 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சள், 300 அளவில் நீலம். நீலம் ஏறிய இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். அரம் அந்த இடத்தில் வெண்ணெயில் போவதுபோல் போகும், ஒரு தரம் தோலில் பட்டதும் கூர் மடியும். திரும்பப் பதம் ஏற்றுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. எஃகு என்னவென்று தெரியாமல் அதைச் செய்யவும் முடியாது.

நீலம் குழலில் மட்டும் என்றால் கவலை இல்லை. அலகின் விளிம்புக்கு வந்திருந்தால் அந்தத் தலையைப் பயிற்சிக்கு வையுங்கள். அடுத்தமுறை அலகை ஈரத் துணியால் சுற்றி, குறட்டால் அதைப் பிடித்து, குழலின் அடியை மட்டும் சுவாலையில் விட்டு விட்டுக் காட்டுங்கள். சூட்டுப்பசை இளக நீலம் ஏறுகிற சூட்டில் பாதிகூடத் தேவையில்லை.

"பாரம் கூடத்தான் கிடக்கு, குறைச்சே ஆகோணும்"

சரி, சில நேரம் வேறு வழி இல்லை. பன்னிரண்டில் ஒன்று மட்டும் பத்துக் கிரேன் கனம் என்றால் மிச்சப் பதினொன்றுக்கும் கம்பி இறக்குவது விசர்வேலை.

முதலில் கழற்றக்கூடியதைக் கழற்றுங்கள், அதாவது குறுக்குத் தகடு. அடுத்தது அலகின் பின் விளிம்பு. குழல் பக்கம் இருக்கிற அந்த இரண்டு பின்மூலைகளிலிருந்தும் சரிசமமாக எடுங்கள், இந்தப் பக்கம் மூன்று இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் மூன்று. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பின்மூலை முள்ளாக வளைந்து நிற்கும் தலைகளுக்குச் சில இடங்களில் வேட்டைச் சட்டம் தடை. மூலையைச் சாய்த்தால் அந்தப் பிரச்சினையும் போகும். பக்கவாட்டு அகலத்தைத் தொட வேண்டாம். ஒன்ராறியோ உட்படப் பல இடங்களில் தலைக்குக் குறைந்தபட்ச அகலம் விதியில் இருக்கிறது. அந்தந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு அளவுகோலை வையுங்கள்.

நுனி ஊசிபோல் இருந்தால் ஒரு மில்லிமீற்றரைச் சின்ன உளிவாய் மாதிரித் தட்டையாக்கலாம். கிடைப்பது ஒரு கிரேனோ என்னவோ, ஆனால் எலும்பில் பட்டு நுனி சுருளாது. குழலின் அடியை அராவிக் கட்டையாக்குவதும் அலகில் துளை போடுவதும் வேண்டாம். முன்னது பிடிப்பைக் குறைக்கும், பின்னது பதம் ஏறிய எஃகில் வெடிப்பை வரவைக்கும். துளை உள்ள அலகு பறக்கும்போது விசிலடிப்பதும் உண்டு. மானுக்குக் காது நல்லது.

ஒவ்வொரு ஐந்து இழுப்புக்கும் ஒருமுறை தராசில் வையுங்கள். அரம் இழுக்கும்போது தலையை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். முறிந்த அம்பின் ஒரு சாண் துண்டில் ஒட்டி, அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஒட்டின துண்டின் பாரத்தைக் கழிக்க மறந்து தலை ஒன்றை 98 கிரேனுக்குக் கொண்டுபோன ஆளை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

"கூர் நிக்குதில்லை"

அலகில் குழி குழியாகத் துரு தின்றிருந்தால் அந்தக் குழி விளிம்புக்கு வந்த இடத்தில் கூர் நிற்காது. குழி போகும்வரை அரத்தால் எடுக்கலாம், ஆனால் பாரமும் அகலமும் சேர்ந்தே போகும். நீலம் ஏறிய கதையை மேலே சொல்லிவிட்டேன். இரண்டும் இல்லையென்றால் அரம் தேய்ந்த அரம். பழைய தலைகளின் எஃகு அரத்துக்கு இணங்குகிற பதத்தில்தான் பெரும்பாலும் இருக்கும், நல்ல அரமும் பிறகு தோல் பட்டியும் போதும். பக்கத்துக்கு 20, 25 பாகை.

போன ஞாயிறு மருமகன் ரின்னை முழுக்கக் கவிழ்த்துக் காட்டினான். பதினான்கு தலை 132க்கும் 136க்கும் நடுவில் வந்துவிட்டன. ஆறுக்கு சைக்கிள் கம்பி இறக்கினான், இரண்டுக்கு ஈயம். அடியில் மூன்று தலை தனியாகக் கிடந்தன. பெட்டிக் காகிதம் ஒட்டியபடி, அரமே படாத, கறுப்பு மை மங்காத மூன்று.

"இதுகளையும் ஏத்திவிடட்டோ மாமா? 119தான் காட்டுது."

பழைய தலைகளை எய்வதற்கு இல்லாமல் பார்ப்பதற்குச் சேர்க்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று சங்கமே இருக்கிறது. அவர்களில் ஒருவருக்குக் காட்டும்வரை துடைக்கவும் வேண்டாம் என்றேன். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, போனைக் கராச் மேசையில் சாத்தி வைத்தபடியே அவன் அடுத்த தண்டுக்குக் கூம்பு வெட்டத் தொடங்கினான். கோணலாக வெட்டினான். திரும்ப வெட்டச் சொன்னேன்.